பிடித்து வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டால் போதாதா? அழிவின் விளிம்பிலிருந்து இனங்கள் மீளும் விதம்

ஒரு பறவையோ விலங்கோ ஐம்பது, நூறு என்று குறைந்துபோய்விட்டால், மிச்சமிருப்பதைப் பிடித்து வந்து பத்திரமாக வளர்த்து, பெருகியதும் காட்டில் கொண்டுபோய் விட்டால் போதாதா? இதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள், இத்தனை பணம்? ஐந்தாறுதான் மிச்சம் என்றால் அந்த இனத்தைக் காப்பாற்ற முடியுமா, இல்லை கைவிடுவதுதான் சரியா? நீங்கள் கேட்டது இவ்வளவுதான். மூன்றுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொன்னால், பெரும்பாலும் போதாது. ஓர் இனம் குறைந்துகொண்டே போவது ஒரு நோய். குறைந்துபோய் நிற்பது வேறொரு நோய். முதலாவதில் ஏதோ ஒன்று அதைக் கொன்றுகொண்டிருக்கிறது, அல்லது குஞ்சு பொரிக்க விடாமல் தடுக்கிறது. இரண்டாவதில் கொன்றது விலகிப்போயிருக்கலாம். ஆனால் மிஞ்சியவை மிகக் கொஞ்சம் என்பதாலேயே புதுச் சிக்கல்கள் முளைக்கின்றன. பிடித்து வளர்ப்பது இரண்டாவது நோய்க்கான மருந்து. முதல் நோய் அப்படியே இருக்கும்போது அதை மட்டும் செய்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் எந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்பது, "எது கொல்கிறது?" என்பதைத்தான். கேட்பது சுலபம், விடை கண்டுபிடிக்கப் பல சமயம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிடும்.

பாறு கழுகுகளை எடுத்துக்கொள்வோம். செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்புக்கூடாக்கிவிடும் பறவைகள். தெற்காசியா முழுக்க இருந்ததால் இவை குறையும் என்று யாரும் நினைத்ததே இல்லை. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு, ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது என்ற கணக்கில் சரிந்துபோனது. மரக்கிளையில் உட்கார்ந்தபடியே கழுத்து தொங்கிப்போய், பிறகு பொத்தென்று விழுந்து செத்தன. பூச்சிமருந்தா, உணவுப் பஞ்சமா, தொற்றுநோயா என்று தேடினார்கள். வைரஸாக இருக்கும் என்றுதான் பலரும் நம்பினார்கள்.

பாகிஸ்தானில் இறந்த பறவைகளை லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியலாளரின் குழு அறுத்துப் பார்த்தது. ஈரல், இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததால், வெளியே போக வேண்டிய கழிவு உடம்புக்குள்ளேயே படிந்திருந்தது. நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. சரி, இந்தப் பறவை சாப்பிடுவது மாடு. மாட்டுக்குப் புதிதாக எதைக் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பித் தேடியபோதுதான் டைக்ளோஃபினாக் அகப்பட்டது. வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் சாதாரண மருந்து. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறும் செத்துவிடும். இது 2004இல் வெளிவந்தது.

இதில் எனக்கு இன்றும் மனதை உறுத்துவது கணக்குதான். எல்லா மாடுகளின் உடலிலும் அந்த மருந்து இருக்க வேண்டியதில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு இருந்தாலே இந்தச் சரிவு முழுவதையும் விளக்கப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பாறு தனியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே சடலத்தில் பத்து இருபது கூடும். அப்புறம், ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே நாலைந்து ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் பறவைக்கு, சாவு விகிதம் கொஞ்சம் கூடினாலும் தாங்காது. யானை, திமிங்கிலம், சுறா என்று நீண்ட ஆயுளும் குறைந்த பிள்ளைப்பேறும் உள்ள எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இந்தியா 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே காலத்தில் தடை செய்தன. ஆனால் மனிதருக்கென்று பெரிய புட்டிகளில் விற்றது மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2015இல் அந்தப் பெரிய புட்டிகளையும் நிறுத்தி, ஒரு வேளை மருந்து அளவுக்கு மட்டும் அனுமதித்தார்கள். பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து முன்பே கண்டறியப்பட்டிருந்தது. பாறுகளுக்கு அதேபோலத் தீங்கு செய்யும் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் என்ற வேறு இரண்டு கால்நடை மருந்துகளுக்கு 2023இல்தான் தடை வந்தது. இதற்கிடையில் ஹரியானாவின் பிஞ்சோர் போன்ற மையங்களில் பாறுகளை வளர்த்துப் பெருக்கினார்கள். அது அவசியமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து புழக்கத்தில் இருக்கும்போதே அவற்றைத் திறந்துவிட்டிருந்தால், வளர்த்ததெல்லாம் விஷம் தின்னத்தான் போயிருக்கும். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பாறு விஷயத்தில் காரணம் ஒரு மருந்துப் பெயராகவாவது கிடைத்தது. சில சமயம் நாம் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே காரணமாக இருக்கும். பிரிட்டனில் 'பெரிய நீலன்' என்றொரு வண்ணத்துப்பூச்சி இருந்தது. சேகரிப்பவர்கள் பிடித்துப் பிடித்துத்தான் குறைகிறது என்று நினைத்து, அது இருந்த புல்வெளிகளில் சிலவற்றை வேலி போட்டு ஒதுக்கினார்கள். ஆடு மாடு உள்ளே போகவில்லை. புல் வளர்ந்தது. பூச்சி இன்னும் வேகமாக மறைந்தது. 1979இல் பிரிட்டனில் அறவே இல்லாமல் போனது.

ஜெரமி தாமஸ் என்பவர் கடைசிக் கூட்டங்களில் ஒன்றைப் பல ஆண்டுகள் தரையில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்துதான் விடையைக் கண்டார். இந்தப் பூச்சி தைம் என்ற சிறு செடியின் மொட்டில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு ஒரு நாள் மாலை கீழே விழும். அந்தப் பக்கம் வரும் ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதன் வாசனையில் ஏமாந்து, தன் கூட்டத்துப் புழு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போகும். உள்ளே போன புழு அடுத்த பத்து மாதம் எறும்பின் குஞ்சுப் புழுக்களைத் தின்றே வளரும். புற்றில் எந்த எறும்பு இருந்தாலும் சரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் புழுக்கள் சரியாகப் பிழைக்கின்றன. அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். புல் விரற்கடை அளவுக்கு ஒட்ட மேய்ந்திருந்தால்தான் வெயில் மண்ணில் படும். சில சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தால் மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்து, அந்த எறும்பு போய் வேறு எறும்பு வந்துவிடும்.

முயல்கள் மிக்சமடோசிஸ் நோயால் மடிந்ததும், மேய்ச்சல் நின்றதும், நல்லெண்ணத்தில் போட்ட வேலியும் சேர்ந்து செய்த வேலை இது. காரணம் தெரிந்த பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்வீடனிலிருந்து எடுத்து வந்த பூச்சிகளை 1983 முதல் விட்டார்கள். பிடித்துக்கொண்டது. வேலி எடுத்துவிட்டு மாடு விட்டதில் ஒரு வண்ணத்துப்பூச்சி பிழைத்தது என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். நேரில் உட்கார்ந்து பார்க்காமல் எந்தத் திட்டமும் தீட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தப் புழுதான் காரணம்.

கடலாமைகள் இன்னொரு வகைப் பாடம். ஆமையைக் காப்பது என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சி. நல்ல வேலைதான். ஆனால் அது மட்டும் போதுமா? அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் முட்டையிடும் பெருந்தலை ஆமைகளைப் பற்றி 1987இல் ஒரு கணக்கு வெளிவந்தது. முட்டை, குஞ்சு, இளம் ஆமை, முதிர்ந்த ஆமை என்று வயதுவாரியாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சாவு குறைந்தால் இனம் மீளும் என்று பார்த்தார்கள். முட்டையில் ஒன்றுகூட வீணாகாமல் காத்தாலும் சரிவு நிற்கவில்லை. பல ஆண்டுகள் கடலில் பிழைத்து, முட்டையிடும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த பெரிய ஆமைகள் இறால் பிடிக்கும் இழுவை வலைகளில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காத்தால்தான் கணக்கு மாறியது. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டமும் அதன் முனையில் ஒரு திறப்பும் வைத்தால், இறால் கம்பிக்கிடையில் புகுந்து போகும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறும். அமெரிக்கா பிறகு அதைக் கட்டாயமாக்கியது. கரையில் செய்யும் வேலையை யாரும் நிறுத்த வேண்டாம். கடலில் வலை மாறாவிட்டால் அந்த உழைப்பு வீணாகும் என்பதுதான் விஷயம்.

இனி இரண்டாவது நோய்க்கு வருவோம். கொல்லும் காரணம் நீங்கிய பிறகும், மிகச் சிறிய கூட்டம் தானாகவே நலிந்துபோகலாம். ஒரு புயல், ஒரு தொற்று, ஒரு மோசமான மழைக்காலம் போதும். ஒரு தலைமுறையில் பிறந்ததெல்லாம் ஆணாகப் போனாலும் போதும். அதைவிட மெதுவாகவும் ஆழமாகவும் அரிப்பது நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்வது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த பூமா என்ற பெரும்பூனைகள் 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பதாகக் குறைந்திருந்தன. வால் நுனி மடங்கியிருந்தது, ஆண்களுக்கு விதை இறங்காமல் இருந்தது, இதயத்தில் குறை இருந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எட்டுதான். அதில் ஐந்து குட்டி போட்டன. அடுத்த தலைமுறையில் அந்தக் குறைகள் குறைந்தன, எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. "கலப்பு வந்துவிட்டதே, இனி இது அசல் ஃபுளோரிடா பூமாவா?" என்று அப்போது எதிர்ப்பும் இருந்தது. முற்காலத்தில் இந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையே போக்குவரத்து இருந்தது, அதை அறுத்தது நாம்தான். அறுத்ததைத் திரும்ப இணைத்ததில் தவறில்லை என்பதே என் கருத்து.

வெளியிலிருந்து கொண்டுவர ஒன்றுமே இல்லாவிட்டால்? அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு. பிரெய்ரி நாய் எனப்படும் தரை அணிலை மட்டுமே நம்பி வாழ்வது. அழிந்தேவிட்டது என்று எண்ணியிருந்த நேரத்தில், 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றை வாசலில் கொண்டுவந்து போட்டது. தேடிப்போனால் அருகிலேயே ஒரு கூட்டம்! சில ஆண்டுகளில் அதையும் நோய் தாக்க, மிஞ்சிய 18ஐயும் பிடித்தார்கள். இன்றுள்ள சில நூறு ஃபெரெட்டுகள் வெறும் ஏழின் வழிவந்தவை. அப்போது வில்லா என்ற ஒரு பெண் ஃபெரெட்டின் செல்களை 1988இல் உறையவைத்திருந்தார்கள். வில்லாவின் வழியில் ஒன்றும் உயிரோடு மிஞ்சவில்லை. அந்தச் செல்லிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் என்ற குளோன் பிறந்தது. அதன் பிறகு உருவாக்கிய அன்டோனியா என்ற குளோன் 2024இல் குட்டிகள் ஈன்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உறைநிலையில் கிடந்த மரபணுக்கள் கூட்டத்துக்குள் திரும்பி வருகின்றன. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனாலும், பிரெய்ரி நாய்களின் வளைகள் இருந்தால்தான் ஃபெரெட் வாழும். அவற்றைப் பிளேக் அடித்துக்கொண்டே இருக்கிறது. குளோனால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வளர்ப்பு மையத்தில் நடக்கும் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குக் கலிஃபோர்னியா காண்டார் என்ற அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகு நல்ல சாட்சி. 1982இல் உலகத்தில் இருந்ததே 22. 1987இல் கடைசிப் பறவையையும் வெளியிலிருந்து பிடித்துவிட்டார்கள். அப்போது மொத்தம் 27. காண்டார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும் என்பது வழக்கம். முட்டையை எடுத்துவிட்டால் சில வாரத்தில் இன்னொன்று இடும். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். எடுத்த முட்டையில் பொரித்த குஞ்சை மனிதர் வளர்த்தால் அது மனிதரையே தன் இனம் என்று நம்பிவிடும். அதனால் காண்டாரின் தலை மாதிரியே செய்த தோல் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் முகம் தெரியாமல் நின்று, அந்தப் பொம்மை அலகால் இரை ஊட்டினார்கள்.

1992இல் திறந்துவிட்டபோது அதுவும் போதாது என்று தெரிந்தது. பொம்மை வளர்த்த குஞ்சுகள் வீட்டுக் கூரைகளிலும் மின்கம்பங்களிலும் போய் உட்கார்ந்தன. பெரிய பறவை அலகால் கொட்டிக் கண்டித்து வளர்க்கும் கண்டிப்பு அவற்றுக்குக் கிடைத்திருக்கவில்லை. பிறகு முதிர்ந்த காண்டார் ஒன்றை வாத்தியாராகக் கூண்டில் சேர்த்தார்கள். போலி மின்கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாக மின்னதிர்ச்சி தரும்படி செய்து பழக்கினார்கள். ஓர் இனம் என்பது உடம்பும் மரபணுவும் மட்டுமில்லை. எங்கே உட்கார வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வரும் அறிவும் சேர்ந்ததுதான். கடைசிப் பறவையையும் கூண்டுக்குள் கொண்டுவரும் அன்று அந்தப் பள்ளிக்கூடம் மூடிப்போகிறது.

இன்று காண்டார்கள் ஐந்நூற்றுக்கு மேல், பாதிக்கு மேற்பட்டவை வெளியில் பறக்கின்றன. ஆனால் கொல்லும் காரணம் முழுக்கப் போகவில்லை. ஈயத் தோட்டாவால் சுடப்பட்ட மானின் உடலில் அந்த ஈயம் துகள் துகளாகச் சிதறிக் கிடக்கும். அதைத் தின்ற காண்டாருக்கு ஈய நஞ்சு ஏறும். ஆண்டுதோறும் பறவைகளை வலையில் பிடித்து, இரத்தத்தைச் சோதித்து, நஞ்சு ஏறியவற்றுக்குச் சிகிச்சை தந்து மறுபடி விடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயத் தோட்டா 2019 முதல் முழுக்கத் தடை. தடை இல்லாத இடங்களிலும் இந்தப் பறவை பறக்கிறதே! நீங்கள் கேட்ட பணமும் ஆண்டுகளும் பெரும்பகுதி இங்கேதான் போகின்றன.

ஆட்களும் நிலமும் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரேபிய ஓரிக்ஸ் என்ற வெண்ணிற மறிமானைச் சொல்லலாம். பாலைவனத்தில் கடைசியாக இருந்தது 1972இல் ஓமானில் சுடப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக் காட்சியகத்தில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1982இல் ஓமானில் திரும்ப விட்டார்கள். அந்தப் பாலைவனத்து ஹராசிஸ் மக்களே காவல் இருந்தார்கள். 1996இல் 450 ஆனது. பிறகு உயிரோடு பிடித்துத் தனியாருக்கு விற்கும் கும்பல்கள் புகுந்தன. 2007இல் 65தான் மிச்சம். எண்ணெய்த் தேடலுக்காகச் சரணாலயத்தின் பரப்பில் 90 விழுக்காட்டை ஓமான் குறைத்துவிட, யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அந்த இடத்தை நீக்கியது. பட்டியல் வரலாற்றில் அதுவே முதல் நீக்கம். நல்லவேளையாக, அதற்குள் அண்டை நாடுகளிலும் ஓரிக்ஸை விட்டிருந்தார்கள். மொத்தக் கணக்கில் இனம் மீண்டது. ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காமல் இருந்ததுதான் காப்பாற்றியது.

இதற்கு நேர்மாறு சீனாவின் கொண்டை அரிவாள்மூக்கன். 1981இல் ஷான்ஷி மாகாணத்து யாங் மாவட்டத்தில் 7 பறவைகள் மட்டும் அகப்பட்டன. அவை இரைதேடிய இடம் நெல் வயல். அதனால் சுற்றுவட்டாரத்தில் பூச்சிமருந்தும் இரசாயன உரமும் கூடாது என்றார்கள், குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் நிற்க ஏற்பாடு செய்தார்கள். உழவர்களுக்கு அது நட்டம். அதற்கு ஈடு தேட வேண்டியிருந்தது. இன்று அந்தப் பறவை ஆயிரக்கணக்கில். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் ஐபீரிய லின்க்ஸ் பூனையும் அப்படித்தான். முயல் இல்லாமல் அது வாழாது, முயலோ நோயில் அழிந்துகொண்டிருந்தது. முயலைப் பெருக்கி, நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, சாலைக்கடியில் வழி அமைத்து, வளர்த்தவற்றை விட்டார்கள். 2001இல் 62 ஆக இருந்த முதிர்ந்த லின்க்ஸ்கள் 2022இல் 648. 2024இல் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தது.

ஆனால் படி இறங்கியதும் கையை எடுத்துவிடக் கூடாது. மொரீஷியஸ் தீவின் வல்லூறு 1974இல் நான்குதான் இருந்தது. கார்ல் ஜோன்ஸ் என்பவரின் உழைப்பில் நூற்றுக்கணக்காகப் பெருகியது. வெற்றி என்று அறிவித்துத் தீவிரப் பராமரிப்பை 1994இல் நிறுத்தினார்கள். காடு சீரழிந்தபடியே இருந்ததால் பிறகு மறுபடி குறையத் தொடங்கி, 2014இல் திரும்பவும் ஆபத்துப் பட்டியலில் ஏறியது.

கடைசிக் கேள்வி: ஐந்தாறுதான் இருந்தால் கைவிட்டுவிடலாமா? நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் கறுப்பு ராபின் என்றொரு குருவி. பூனையும் எலியும் மற்றத் தீவுகளில் அழித்துவிட, செங்குத்தான ஒரு சிறு பாறைத்தீவில் 1976இல் மிஞ்சியவை 7. அந்தத் தீவின் புதர்க்காடும் பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தீவில் ஒரு லட்சத்துக்கு மேல் மரக்கன்று நட்டு, பறவைகளைப் பெட்டியில் வைத்துப் பாறையில் இறக்கிக் கொண்டுபோய் விட்டார்கள். அப்படியும் 1980இல் ஐந்தாகிவிட்டது. அதில் குஞ்சு பொரித்து வளர்க்கும் ஜோடி ஒன்றே ஒன்று. காலில் போட்ட வளையத்தின் நிறத்தால் பெண்ணை 'ஓல்டு புளூ' என்றும் ஆணை 'ஓல்டு எல்லோ' என்றும் அழைத்தார்கள். ராபின்கள் சராசரியாக வாழும் வயதை ஓல்டு புளூ எப்போதோ தாண்டியிருந்தது.

டான் மெர்ட்டன் தலைமையில் இருந்தவர்கள் அதன் முதல் முட்டைகளை எடுத்து வேறு இனக் குருவியின் கூட்டில் வைத்தார்கள். ஓல்டு புளூ மறுபடி முட்டையிட்டது. முதலில் நம்பிய வார்ப்ளர் குருவிகளால் ராபின் குஞ்சுக்குப் போதிய இரை தேட முடியவில்லை. அடுத்து டாம்டிட் குருவியின் கூட்டில் வைத்தார்கள். குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன, ஆனால் டாம்டிட்டைப் போலவே பாடி, டாம்டிட்டையே துணை தேடின. அதனால் பறக்கும் முன்பே எடுத்து ராபின் கூட்டில் திரும்ப வைக்கப் பழகினார்கள். இன்று 250 முதல் 300 வரை இருக்கும் கறுப்பு ராபின்கள் அத்தனையும் அந்த ஒரே ஜோடியின் வாரிசுகள். ஆகவே கைவிடுவதற்கான எண் என்று ஒன்று கிடையாது. பணம் அளவானது, எல்லாவற்றையும் காக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்கும்போது எண்ணிக்கையைவிட, கொல்லும் காரணத்தை நீக்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் கதையில் ஒரு விஷயம் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. சில பெண் ராபின்கள் முட்டையைக் கூட்டின் நடுவில் இடாமல் விளிம்பில் இட்டன. விளிம்பில் கிடக்கும் முட்டை அடைகாக்கப்படாமல் வீணாகும். ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலம். களத்தில் இருந்தவர்கள் விரலால் மெதுவாக அதை நடுவுக்கு நகர்த்தி வைத்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் விளிம்பில் இடும் பழக்கம் பரம்பரையாக வருவது. இயற்கையில் அந்தப் பழக்கம் உள்ள பறவைக்கு வாரிசு இருக்காது. நகர்த்தி வைத்ததால் வாரிசுகள் பிழைத்தன, பழக்கமும் பரவியது. 1989இல் பெண் ராபின்களில் பாதிக்கு மேல் விளிம்பில் முட்டையிட்டன. இன்னும் கொஞ்ச காலம் அப்படியே போயிருந்தால், மனித விரல் இல்லாமல் வாழவே முடியாத பறவையாகியிருக்கும்.

எண்ணிக்கை ஓரளவு தேறியதும் நகர்த்துவதை நிறுத்தினார்கள். உலகத்தின் அரிய பறவை ஒன்றின் முட்டை, கைக்கெட்டும் தூரத்தில், வீணாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் கையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் விளிம்பில் முட்டையிடும் பெண்கள் படிப்படியாகக் குறைந்தன. இப்போது பெரும்பாலான ராபின்கள் முட்டையைக் கூட்டின் நடுவிலேயே இடுகின்றன.